பிரஷர், சுகர், புற்றுநோய் ஸ்கிரீனிங்: தருமபுரி, கிருஷ்ணகிரி செவிலியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

துணை சுகாதார நிலையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் புதிதாகச் சேருகிற செவிலியர்கள், கிராம சுகாதார செவிலியர்கள், வீடு வீடாகப் போகிற தன்னார்வலர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. எழுதியிருக்கிற அளவுகள் நாட்டில் இப்போது நடப்பில் உள்ளவை. உங்கள் மருத்துவ அலுவலர் வேறு நடைமுறை சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவரை எதற்காகப் பிடித்து உட்கார வைத்துச் சோதிக்க வேண்டும்?

நன்றாக நடமாடுகிறார் என்பதால்தான். பிரஷர் 170 இருப்பவருக்குத் தலைவலிகூட இருக்காது, காட்டு வேலைக்குப் போவார், பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளிக் கூடையைத் தூக்கி இறக்குவார், ஒருநாள் காலையில் வாய் கோணி கை விழுந்த பிறகு வீட்டார் நம்மைத் தேடி வருவார்கள். அதற்குப் பத்து வருடம் முன்பே நாம் போய்ப் பார்ப்பதற்குப் பெயர்தான் ஸ்கிரீனிங். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிற திட்டம் அது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அளந்து பதிவேட்டில் எழுதியதோடு ஸ்கிரீனிங் முடிவதில்லை. அளவு அதிகமாக வந்தவர் டாக்டரைப் பார்த்தாரா, மருந்து தொடங்கினாரா, மூன்று மாதம் கழித்து அளவு இறங்கியதா, இதெல்லாம் தெரிகிற வரை அந்த வரி பதிவேட்டில் திறந்தேதான் கிடக்கிறது. நூறு பேரை அளந்து பத்துப் பேரைக் கண்டுபிடித்து அந்தப் பத்துப் பேரையும் விட்டுவிட்டால் நாம் செய்தது வெறும் பயமுறுத்தல்.

யாரை, எத்தனை வருடத்துக்கு ஒரு முறை?

30 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் பிரஷரும் சுகரும் வருடம் ஒரு முறை. வாய்ப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மூன்றுக்கும் 30 முதல் 65 வயது வரை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. வீட்டில் நிரப்புகிற சிபேக் படிவத்தில் வயது, புகையிலை, குடி, இடுப்புச் சுற்றளவு, உடல் உழைப்பு, குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டு மதிப்பெண் போடுகிறோம் இல்லையா, அது 4-ஐத் தாண்டினால் அவரை முதலில் கூப்பிடுங்கள். 4-க்குக் கீழே என்றால் வரவே வேண்டாம் என்று அர்த்தமில்லை, சிலர் அப்படி எடுத்துக்கொள்கிறார்கள்.

இடுப்பை அளக்கும்போது புடவைக் கட்டுக்கு மேலேயோ பெல்ட் போடுகிற இடத்திலோ டேப் வைக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் மதிப்பெண் ஏறும்.

ஒரே ஆளுக்குக் காலையில் 150, மதியம் 128 வருகிறது. மெஷின் கோளாறா?

பெரும்பாலும் மெஷின் சரியாகத்தான் இருக்கும், நாம் அளக்கிற முறைதான் மாறியிருக்கும். வெயிலில் நடந்து வந்தவரை உட்கார்ந்ததும் அளந்தால் கூடத்தான் வரும். ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும். பீடி, டீ, காபி குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், சிறுநீர் முட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும், கால் மேல் கால் போடக் கூடாது. கை தொங்கினால் அளவு கூடிவிடும், அதனால் நெஞ்சு மட்டத்துக்கு வருகிற மாதிரி மேசை மேல் வையுங்கள். வீட்டுத் திண்ணையில் அளக்கும்போது மேசைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள், ஒரு தலையணையோ மடித்த போர்வையோ போதும்.

கையில் சுற்றிக் கட்டுகிற பிரஷர் கப்பைச் சட்டைக்கு மேலே கட்ட வேண்டாம். சட்டைக் கையை இறுக்கமாகச் சுருட்டிவிட்டு அதற்குக் கீழே கட்டுவதும் தவறு. பருத்த கைக்குச் சின்ன கப் கட்டினால் இல்லாத பிரஷர் இருப்பதாகக் காட்டும், அதனால் பெரிய கப் ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அளக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா நலம் விசாரிக்க வந்து நின்றாலே பத்து ஏறும், அவரிடமும் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

ஒன்றிரண்டு நிமிடம் விட்டு இன்னொரு முறை அளக்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் வேறொரு நாளும் பார்த்துத்தான் ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் முடிவு செய்வார். முதல் நாளே "உங்களுக்கு பிரஷர் வந்துடுச்சு" என்று சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். 180/110-ஐத் தொட்டுவிட்டால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் பலவீனம் இருந்தால் 108. கர்ப்பிணிக்கு 140/90 என்றாலே விஷயம் வேறு. தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உடனே அனுப்ப வேண்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது.

விரலில் குத்திப் பார்க்கிற சுகரை எந்த அளவுக்கு நம்பலாம்?

ஸ்கிரீனிங்குக்கு நம்பலாம், விரல் சுத்தமாக இருந்தால். மாங்காய் சீசனில் இதைக் கட்டாயம் கவனியுங்கள். தோப்பிலும் மாங்கூழ் ஆலையிலும் வேலை செய்கிறவர்கள், வீட்டில் பழம் அரிந்து கொடுத்துவிட்டு வருகிறவர்கள், இவர்கள் விரலில் ஒட்டியிருக்கிற பழச்சாறே மீட்டரில் 200, 300 என்று காட்டிவிடும். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை துடைத்தால் அது போகாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். ஸ்டிரிப் டப்பாவைத் திறந்தபடி வெயிலில் வைக்காதீர்கள், காலாவதித் தேதியையும் பாருங்கள்.

எப்போது சாப்பிட்டிருந்தாலும் 140-க்கு மேல் வந்தால் உறுதிப்படுத்தும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல், அல்லது எச்.பி.ஏ.1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். இந்த எச்.பி.ஏ.1சி-யில் ஒரு சிக்கல் உண்டு, நம் பக்கத்துப் பெண்களுக்கு அது முக்கியம். இரும்புச் சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் இது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம், சிகப்பணு சீக்கிரம் உடைகிற நோய் இருந்தால் குறைத்துக் காட்டும். அதனால் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று தெரியாமல் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

கர்ப்பிணிகளுக்கு?

முதல் முறை வரும்போதே ஒரு தடவை, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கச் செய்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால சர்க்கரை. பிரசவம் ஆனதும் எல்லோரும் மறந்துவிடுகிற ஒன்று இருக்கிறது. ஆறாவது வாரத்தில் இவர்களுக்கு மறுபடி பார்க்க வேண்டும், அதற்குப் பிறகும் விட்டுவிடக் கூடாது. பிற்காலத்தில் சர்க்கரை நோய் வர இவர்களுக்கு வாய்ப்பு அதிகம். குழந்தைக்குத் தடுப்பூசி போட வருகிற நாளிலேயே அம்மாவுக்கும் பார்த்துவிட்டால் தனியாக ஒரு முறை வரச் சொல்ல வேண்டியதில்லை.

"தினமும் ராகிக் களிதான் திங்கறேன், எனக்கு எப்படி ரத்தம் குறையும், சுகர் எப்படி ஏறும்?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

ராகியைக் குறை சொல்லிவிடாதீர்கள், நல்ல தானியம் அது. நூறு கிராமில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அதெல்லாம் கிடையாது. ஆனால் ராகியில் இருக்கிற பைட்டேட் என்ற பொருள் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஊற வைத்து முளைகட்டி அரைத்தால் அது குறையும். களியோடு கீரை, ஒரு நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை, முடிந்தவர்களுக்கு முட்டை, கறி என்று சொல்லுங்கள். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம்.

சுகர் விஷயத்தில் எவ்வளவு சாப்பிடுகிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு பெரிய உருண்டை களி என்பது மாவுச்சத்துதானே, அது ஏற்றத்தான் செய்யும். நைசாக அரைத்த மாவில் கரைக்கிற கூழ் இன்னும் வேகமாக ஏற்றும். ஒரு உருண்டை, அதைவிட அதிகமாகக் காய், கொள்ளு அல்லது அவரைப் பருப்பு. இதை மாற்றச் சொல்லும்போது வீட்டில் சமைக்கிறவரையும் கூட உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

ஹீமோகுளோபின் அளவு: கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழே, மற்றப் பெண்களுக்கு 12-க்குக் கீழே, ஆண்களுக்கு 13-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. கர்ப்பிணிக்கு 7-க்குக் கீழே போனால் மாத்திரையோடு நிறுத்தாமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை என்றாலே பெண்கள் எழுந்து போய்விடுகிறார்கள். எப்படிப் பேசுவது?

இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது, இதற்குத்தான் நிறைய நேரம் கொடுக்க வேண்டும். வெட்கம் ஒரு காரணம். "எனக்கு ஒண்ணும் இல்லையே, எதுக்கு?" என்பது இன்னொன்று. மூன்றாவது, யாரும் வெளியே சொல்லாதது, முடிவு என்ன வருமோ என்ற பயம், அது தெரிந்தால் வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்ற பயம்.

கூட்டமாக உட்கார வைத்துப் பேசினால் தலையாட்டுவார்கள், ஒருவரும் வர மாட்டார்கள். தனியாகப் பேசுங்கள். "அக்கா, புத்து இருக்கான்னு தேடறதுக்கு இல்ல இது, புத்தா மாறறதுக்கு முன்னாடியே அந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறதுக்கு" என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். அது உண்மையும்கூட. எச்.பி.வி. என்ற வைரஸ் தொற்றி அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் ஆகும், நடுவில் இருக்கிற அந்தக் காலம்தான் நமக்குக் கிடைக்கிற அவகாசம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை போதும் என்று சொல்வதும் அதனால்தான்.

நம்மிடம் செய்வது பெரும்பாலும் வி.ஐ.ஏ. 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்து, வெண்மையாக மாறுகிற இடம் இருக்கிறதா என்று வெறும் கண்ணால் பார்ப்பது. அந்த ஒரு நிமிடத்தை அவசரப்பட்டுச் சுருக்காதீர்கள். மாதவிலக்கு நாளிலும் கர்ப்பமாக இருக்கும்போதும் செய்ய வேண்டாம். மாதவிலக்கு நின்றவர்களுக்கு, பொதுவாக 50 தாண்டியவர்களுக்கு, பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடுவதால் வி.ஐ.ஏ. நம்பகமாக இருக்காது. அவர்களுக்கு எச்.பி.வி. பரிசோதனையோ பாப் ஸ்மியரோ (கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனைக்குத்தான் முதலிடம்.

வெண்மை தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, தொற்று இருந்தாலும் தெரியலாம். இந்த வாக்கியத்தைப் பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள், பின்னால் சொன்னால் காதில் ஏறாது. கால்போஸ்கோபிக்கு (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது) மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்பும்போது தேதி, எந்தக் கட்டிடம், எத்தனை மணிக்கு, யாரைக் கேட்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுங்கள். அரூர் மலைப்பக்கத்திலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ பஸ் பிடித்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர், "இன்னைக்கு டாக்டர் இல்ல, நாளைக்கு வாங்க" என்று கேட்டுத் திரும்பினால் மறுபடி வரவே மாட்டார். முதல் நாளே போன் செய்து விசாரித்துவிட்டு அனுப்புங்கள். இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஒரே நாளில் அனுப்பினால் துணையும் ஆகும்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் தங்களுக்கு இது வேண்டாம் என்று நினைக்கிறார்கள், அவர்களுக்கும் வேண்டும். புற்றுநோய் அல்லாத காரணத்துக்காகக் கர்ப்பப்பையை வாயோடு சேர்த்து எடுத்தவர்களுக்குத்தான் தேவைப்படாது. தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண் பிள்ளைகளும் வயது வந்ததும் பரிசோதனைக்கு வர வேண்டும்.

மார்பகப் பரிசோதனையில் எதைத் தவற விடுகிறோம்?

அக்குளை. அப்புறம், வலி இல்லாத கட்டியை. "வலிக்கல, அதனால பரவாயில்லன்னு விட்டுட்டேன்" என்று சொல்லித்தான் நிறையப் பேர் தாமதமாக வருகிறார்கள். வலிக்காத கட்டிதான் அதிகம் கவலைப்பட வேண்டியது. தோல் குழிவிழுவது, காம்பு உள்ளே இழுப்பது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது, இவற்றைக் கேட்கவும் பார்க்கவும் வேண்டும்.

வாய்ப் பரிசோதனை?

டார்ச், கையுறை, ஒரு துண்டு காஸ் போதும். ஹான்ஸ், பான் வகைகள், வெற்றிலை பாக்குடன் புகையிலை போடுகிறவர்களிடம் எந்தப் பக்கம் ஒதுக்கிக்கொள்கிறீர்கள் என்று கேட்டு அந்தக் கன்னத்தை முதலில் பாருங்கள். நாக்கைக் காஸால் பிடித்து இரண்டு ஓரமும், நாக்குக்கு அடியிலும். வெள்ளைப் படை, சிவப்புப் படை, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், தன் விரல் மூன்றை நிமிர்த்தி வைக்க முடியாத அளவுக்கு வாய் திறக்காமை, இதில் எது இருந்தாலும் அனுப்புங்கள். மூதாட்டிகளை விட்டுவிடாதீர்கள். பீடி பிடிக்கிற தாத்தாவைப் பார்க்கிறோம், பக்கத்தில் புகையிலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பாட்டியை யாரும் கேட்பதில்லை.

தருமபுரிப் பக்கம் மூட்டுவலி என்று வருகிறவர்களில் புளோரோசிஸை எப்படி அடையாளம் காண்பது?

இது வெளியூர்ப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியில் முடிந்துவிடுகிற விஷயம், நமக்கோ அன்றாடம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருந்து அதையே வருடக்கணக்கில் குடித்தால் முதலில் பல்லும் அப்புறம் எலும்பும் பாதிக்கப்படும், அதுதான் புளோரோசிஸ். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே புளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு என்று இருக்கிறது. 2013-இல் தொடங்கி வைக்கப்பட்ட அந்தத் திட்டம் இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்தது. ஆனாலும் பழைய பாதிப்பு எலும்பில் இருந்துகொண்டேதான் இருக்கும்.

முற்றத்திலேயே மூன்று சோதனை செய்யலாம். முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடச் சொல்லுங்கள். தாடையால் நெஞ்சைத் தொடச் சொல்லுங்கள். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி மடக்கிப் பின்னந்தலையைத் தொடச் சொல்லுங்கள். முடியவில்லை, விறைப்பாக இருக்கிறது, பல வருடம் போர் தண்ணீர் குடித்திருக்கிறார் என்றால் சந்தேகப்பட்டு அனுப்பலாம். பிள்ளைகளுக்குப் பல்லில் குறுக்குக் கோடாக வெண்மை அல்லது பழுப்பு, இரண்டு பக்கப் பல்லிலும் ஒரே மாதிரி இருக்கும். அழுக்கு என்றால் விளக்கும்போது போகும், இது போகாது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளையைப் பல் விளக்காதவன் என்று கேலி செய்கிறார்கள் என்றால் ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

தண்ணீரைக் காய்ச்சினால் புளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். குடிக்க மட்டும் குழாய்த் தண்ணீரை எடுத்துவிட்டுச் சோறு, குழம்பு, களிக்குப் போர் தண்ணீரை ஊற்றுகிறார்களா என்பதையும் கேட்க வேண்டும், சமையல் தண்ணீரும் வயிற்றுக்குத்தானே போகிறது.

இன்னொன்று. இந்த வலிக்காக மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி வருடக்கணக்கில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டும் பிரஷர் இறங்காதவரிடம் "வலிக்கு என்ன போடறீங்கண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள்.

காசநோயையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டுமா?

ஆமாம். இரண்டு வாரம் தாண்டிய இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை, சளியில் ரத்தம், இந்த ஐந்தையும் கேட்க அரை நிமிடம் போதும். சர்க்கரை நோயாளிக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட அதிகம், ஆகவே சுகர்காரர்களிடம் ஒவ்வொரு முறையும் கேளுங்கள், காசநோய் உறுதியானவருக்குச் சுகர் பாருங்கள். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும் என்பதையும் சொல்லுங்கள், கூலியை விட்டு வருகிறவருக்கு அது உதவி.

மனநலத்தைப் பற்றி எப்படிக் கேட்பது? கேட்டால் கோபித்துக்கொள்வார்களே.

"மனநோய் இருக்கிறதா" என்று கேட்டால் கோபம் வரத்தான் செய்யும். கடைசி இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்ததா, மனசு சோர்ந்து நம்பிக்கையில்லாமல் இருந்ததா, இந்த இரண்டைக் கேளுங்கள். அடிக்கடி இருந்தது என்றால் மேலே பேசுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. இருக்கிறது என்றால் தனியே விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் பேசலாம்.

அமெரிக்காவில் குடும்ப நர்ஸ் பிராக்டிஷனர் தேர்வுக்குப் படிக்கிற தோழியின் புத்தகத்தில் வயதெல்லாம் வேறாக இருக்கிறது. எது சரி?

இரண்டும் அதனதன் இடத்தில் சரி. அங்கே தடுப்புச் சேவைகளுக்கான பணிக்குழு ஒன்று பரிந்துரைகளுக்கு ஏ, பி, சி, டி, ஐ என்று தரம் போடுகிறது. பெருங்குடல் புற்றுநோய்க்கு 45 முதல் 75 வயது வரை, மார்பகத்துக்கு 40 முதல் 74 வரை இரண்டு வருடத்துக்கு ஒரு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), எடை கூடியவர்களுக்கு 35 முதல் 70 வரை சுகர், 50 முதல் 80 வயதுக்குள் நீண்ட காலம் புகைத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய்க்காக வருடம் ஒரு முறை குறைந்த கதிர் சி.டி. ஸ்கேன். அங்கே வருகிற நோய், அங்கே இருக்கிற கருவி, அங்கே செலவழிக்கக் கூடிய பணம், இவற்றை வைத்து வகுத்தது அது. நம் ஊரில் வாய்ப் புற்றுநோய் அதிகம், அதனால் வாயைப் பார்க்கிறோம். நமக்குச் சுகர் இளம் வயதிலேயே, ஒல்லியான உடம்பிலும் வருகிறது, அதனால் 30-இல் தொடங்குகிறோம். எடையிலும் நமக்கு பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீடு) 23 தாண்டினாலே கவனம் வேண்டும், 25 வரை காத்திருக்க வேண்டாம். அந்தப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, ஒவ்வொரு பரிசோதனையிலும் நன்மை எவ்வளவு, தீங்கு எவ்வளவு என்று கேட்கிற பழக்கம்.

அளவு சரியானதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்களே?

"மாத்திரையாலதான் சரியா இருக்கு" என்பதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும், ஒரு தடவை சொன்னால் போதாது. நிறுத்தியதற்குக் காரணமும் கேளுங்கள். பிரஷர் மாத்திரை அம்லோடிபின் சாப்பிட்டுக் கணுக்கால் வீங்கியிருக்கும், சுகர் மாத்திரை மெட்பார்மின் சாப்பிட்டு வயிறு கலங்கியிருக்கும், அதை யாரிடமும் சொல்லாமல் நிறுத்தியிருப்பார். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு என்கிற சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர் காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் காட்டுக்குப் போனால் சுகர் இறங்கி மயங்குவார். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரை, 15 நிமிடத்தில் மறுபடி பார்ப்பது, பிறகு சாப்பாடு. இதை வீட்டாருக்குச் சொல்லிக் கொடுங்கள்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேலை பார்க்கிறவர்கள் இவற்றையெல்லாம் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும். தமிழில் தலையாட்டுகிற பாட்டிக்கு வீட்டில் பேசுவது வேறு மொழியாக இருக்கும். சிப்காட் ஷிப்டுக்குப் போகிற பெண்களுக்கு நம் பகல் நேரம் ஒத்துவராது, அவர்களை விடுமுறை நாளில்தான் பிடிக்க முடியும்.

நோய் இருப்பதாக நாம் கண்டுபிடித்த ஆள் குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டிட வேலைக்குப் போய்விட்டார், வீடு பூட்டிக் கிடக்கிறது. என்ன செய்வது?

பூட்டிய வீடு என்று எழுதிவிட்டு நகராதீர்கள். பக்கத்து வீட்டில் போன் எண் வாங்குங்கள், மேஸ்திரி எண் கிடைத்தால் இன்னும் நல்லது. பொங்கலுக்கா, ஊர் மாரியம்மன் பண்டிகைக்கா, எப்போது வருவார் என்று கேட்டு அந்தத் தேதியைப் பதிவேட்டில் எழுதி, அந்த வாரம் போய்ப் பாருங்கள். புறப்படும் முன்பே தெரிந்தால் டாக்டரிடம் பேசி இரண்டு மாத மாத்திரைக்கு ஏற்பாடு செய்யலாம். மருந்தின் பெயரும் அளவும் எழுதிய சீட்டை அவர் போனிலேயே போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அங்கே இருக்கிற அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ 'நம்ம கிளினிக்' என்கிற கர்நாடக அரசு கிளினிக்கிலோ அதைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். மாதம் ஒரு முறை நீங்களே போன் செய்து "அண்ணா, மாத்திரை இருக்கா, தீர்ந்துடுச்சா?" என்று கேளுங்கள்.